திருப்பதிக் கடலில் சால்மன், ஹாலிபட்

திருப்பதிக்குக் கடல் உண்டு என்று சொன்னால் எங்கள் சித்தூர்ப் பக்கத்துப் பெரிசுகள் இன்னும் சிரிப்பார்கள். மலை உண்டு, லட்டு உண்டு, மொட்டை உண்டு; கடல் பார்க்க மெட்ராஸ்தானே போகணும்? ஆனால் விஷயம் உண்மை. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரித்தபோது, பழைய சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியோடு நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியையும் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். சூளூர்ப்பேட்டை, தடா, வாக்காடு எல்லாம் அதற்குள் வந்தன. கூடவே பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி, ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா, அதற்கு அப்பால் வங்காள விரிகுடா. ஏழுமலையானுக்கு ஒரே ராத்திரியில் கடற்கரை கிடைத்துவிட்டது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் இருப்பது வான்கூவர் பக்கம். இங்கே மீன் என்று பேச்செடுத்தால் இரண்டு பெயர்தான் முதலில் வரும்: சால்மன், ஹாலிபட். பள்ளிக்கூடத்தில் சால்மன் முட்டையைத் தொட்டியில் வைத்துப் பொரிக்கவிட்டு, குஞ்சுகளைப் பிள்ளைகள் கையாலேயே ஓடையில் விடச்சொல்கிறார்கள். அப்படி ஒருநாள் விட்டுவிட்டு வந்த என் மகள், "உங்க ஊர்ல சால்மன் இருக்காப்பா?" என்று கேட்டாள். "இல்லம்மா, அது குளிர்க்கடல் மீன்" என்றேன். பதில் சரிதான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. நம்மூர் மீன் பட்டியல்களில் 'இந்தியன் சால்மன்' என்று ஒரு மீன் இருக்கிறது. 'இந்தியன் ஹாலிபட்' என்றும் ஒரு மீன் இருக்கிறது. முதலாவதற்கு நம் பெயர் காலா. இரண்டாவதற்கு நம் பெயர் எருமை நாக்கு. இரண்டும் அந்தத் திருப்பதிக் கடலில் கிடைப்பவை. இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று தேடப்போனேன். மீன் கதையாக ஆரம்பித்தது, ஊர்விட்டு ஊர் போனவர்களின் கதையாக விரிந்துவிட்டது.

ஊர்விட்டு வந்தவன் முதலில் செய்கிற வேலை என்ன? புது இடத்தில் கண்ணில் படுவதற்கெல்லாம் பழைய ஊர்ப் பெயரை ஒட்டுவதுதான். நாமும் செய்கிறோம். இங்கே கிடைக்கிற ஏதோ ஒரு கீரையை 'நம்மூர் முளைக்கீரை மாதிரி' என்று வாங்கி, ஆறு மாதத்தில் 'மாதிரி'யை விட்டுவிட்டு முளைக்கீரை என்றே சொல்ல ஆரம்பித்துவிடுவோம். இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர்களும் அதையேதான் செய்தார்கள். கிழங்கான் அவர்களுக்கு 'இந்தியன் ஒயிட்டிங்' ஆனது. கொழுப்பும் வாசமும் உள்ள, வெள்ளித் தோல் போட்ட காலா 'இந்தியன் சால்மன்' ஆனது. தட்டையாக, பெரிய வாயோடு வந்த எருமை நாக்கு 'இந்தியன் ஹாலிபட்' ஆனது. ஸ்காட்லாந்து ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு வளர்ந்தவன் மெட்ராஸ் வெயிலில் தட்டில் கிடக்கும் காலாவைப் பார்த்து 'சால்மன்' என்று சொல்லிப் பெருமூச்சு விட்டிருப்பான். எனக்கு அதில் கோபம் இல்லை. அந்தப் பெருமூச்சு எனக்கும் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர்கள் முதன்முதலில் அரண் கட்டிப் பீரங்கி வைத்த இடம் சென்னை இல்லை. இப்போதைய திருப்பதி மாவட்டத்துக்குள் வந்த துகராஜபட்டினம்தான். 1626-ல் அங்கே குடியேறினார்கள். அவர்கள் வாயில் அந்த ஊருக்குப் பெயர் 'ஆர்மகான்'. உதவி செய்த ஆறுமுக முதலியார் என்பவரின் பெயர்தான் அப்படித் திரிந்தது என்று சொல்வார்கள். ஆறுமுகம் ஆர்மகான் ஆகலாம் என்றால் காலா சால்மன் ஆவதில் என்ன ஆச்சரியம்? அந்த ஆர்மகானில் அதிகாரியாக இருந்த பிரான்சிஸ் டே என்பவர்தான் 1639-ல் தெற்கே வந்து மெட்ராஸுக்கு இடம் வாங்கியவர். இருநூறு வருடம் கழித்து இன்னொரு பிரான்சிஸ் டே வருகிறார். இவர் மெட்ராஸ் ராணுவ மருத்துவர், 1829-ல் பிறந்தவர். இந்திய மீன்களைப் பற்றி 1875 முதல் 1878 வரை பாகம் பாகமாக வெளிவந்த மாபெரும் நூல் இவருடையது. இன்றைக்கும் இந்திய மீன் பற்றி எழுதுபவர்கள் அதைத் தொடாமல் போக முடியாது. பழைய டே நிலம் வாங்கினார், புது டே மீன் எண்ணினார். இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் காலாவுக்கும் எருமை நாக்குக்கும் அறிவியல் பெயர் வந்தது டேக்கு முன்னாலேயே. இங்கேதான் எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே நிமிரத் தோன்றியது.

முதலில் காலா. பாட்ரிக் ரஸ்ஸல் என்று ஒரு எடின்பரோ மருத்துவர். சிரியாவில் அலெப்போவில் பல வருடம் வைத்தியம் பார்த்துவிட்டு, தம்பியோடு 1780-களின் தொடக்கத்தில் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தவர். நம்மூர்க் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் 'ரஸ்ஸல் விரியன்' என்று சொல்கிறார்களே, அந்த ரஸ்ஸல்தான். பாம்புக்குப் பிறகு மீனில் இறங்கினார். விசாகப்பட்டினத்துக் கரையில் கிடைத்த இருநூறு மீன்களை உள்ளூர் ஓவியரைக் கொண்டு வரையவைத்து, 1803-ல் லண்டனில் இரண்டு பாகமாகப் புத்தகம் போட்டார். அதில் அவர் செய்த ஒரு காரியத்துக்காக அவரைக் கும்பிடலாம்: மீன்களுக்கு லத்தீனில் புதுப்பெயர் சூட்டி அலையாமல், மீனவர்கள் சொன்ன தெலுங்குப் பெயரையே தலைப்பாகப் போட்டார். காலாவின் படத்துக்கு அவர் எழுதிய பெயர் 'மாக-ஜெல்லி'. இன்றும் தெலுங்குக் கரையில் காலாவுக்கு 'மாக' என்றுதான் பெயர். மறுவருடமே, 1804-ல், லண்டனில் உட்கார்ந்துகொண்டு ஜார்ஜ் ஷா என்ற விலங்கியலாளர் அந்தப் படத்தை ஆதாரமாக வைத்து 'டெட்ராடாக்டைலஸ்' என்று பெயர் வைத்தார். நாலு விரல்காரன் என்று அர்த்தம். காலாவின் மார்புத் துடுப்புக்குக் கீழே தனித்தனியாக நாலு இழை தொங்கும். அதைத்தான் விரல் என்கிறார்.

இப்போது எருமை நாக்கு. அது தமிழ்க் கரையில் நடந்த கதை. தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அங்கே கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்று ஒரு ஜெர்மன் பாதிரியார் 1771 முதல் 1813-ல் இறக்கும்வரை இருந்தார். பள்ளிக்கூடம் நடத்துவது, பிரசங்கம் செய்வது போக மிச்ச நேரத்தில் சிப்பி, மீன், பாம்பு என்று சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்படி மீன் போய்ச்சேர்ந்தது பெர்லினில் மார்க்குஸ் எலீசர் ப்ளோக் என்ற யூத மருத்துவரிடம். ப்ளோக் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மீன்கள்தான் அவரிடம் போயின. நன்றிக்கடனாகக் கத்தாளை மீன் குடும்பத்தில் ஒரு பேரினத்துக்கே 'ஜானியஸ்' என்று பாதிரியாரின் பெயரை வைத்தார். 1799-ல் ப்ளோக் இறந்துபோக, மிச்ச வேலையை ஷ்னைடர் என்பவர் முடித்து 1801-ல் வெளியிட்டார். அந்தப் புத்தகத்தில் தரங்கம்பாடியிலிருந்து வந்த ஒரு தட்டை மீன் இருக்கிறது. அதற்கு வைத்த லத்தீன் பெயரில் பின்பாதி, 'எருமெய்'.

லத்தீன் அகராதியில் தேடினால் கிடைக்காது. அது நம்ம எருமைதான்! கரையில் மீனவர் யாரோ 'எருமை நாக்கு' என்று சொல்லியிருக்கிறார், ஜான் அதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார், பெர்லினில் நாக்கை வெட்டிவிட்டு எருமையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு ஜப்பானிலோ ஆஸ்திரேலியாவிலோ ஒரு ஆராய்ச்சியாளர் இந்த மீனைப் பற்றி எழுதினால் 'செட்டோடிஸ் எருமெய்' என்றுதான் எழுதியாக வேண்டும். இருநூறு வருடத்துக்கு மேலாக உலகமெல்லாம் ஒரு தரங்கம்பாடி மீனவரின் சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பாதிரியார் பெயருக்கு ஒரு பேரினம், ரஸ்ஸல் பெயருக்கு ஒரு விரியன். அந்த மீனவருக்குப் பெயர் இல்லை. அவர் சொன்ன சொல் மட்டும் இருக்கிறது.

வரைபடத்தைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். காலாவைத் தெலுங்கில் எழுதிக்கொண்ட விசாகப்பட்டினம் வடக்கே, எருமை நாக்கைத் தமிழில் எழுதிக்கொண்ட தரங்கம்பாடி தெற்கே. நடுவில் இந்தத் திருப்பதிக் கடற்கரை. எங்கள் ஊரில் பேச்சும் அப்படித்தான். சித்தூர்க் கடைத்தெருவில் ஒரே வாக்கியத்தைத் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பவர்கள் ஆயிரம் பேர்.

சரி, பெயர் இருக்கட்டும். மீன்களைப் பார்ப்போம். சால்மனுக்கும் காலாவுக்கும் உறவே கிடையாது. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, திரும்பவும் பிறந்த ஆற்றுக்கே ஏறி வந்து முட்டையிடும். காலா கலங்கலான கரையோரத் தண்ணீரிலும் முகத்துவாரங்களிலும் திரியும் மீன். சேற்றுத் தண்ணீரில் கண் தெரியாது என்பதால் அந்த நாலு இழையால் தரையைத் தடவித் தடவி இரை தேடும். செவுள் வலையிலும் படும், கரைவலையிலும் படும். இதன் பெரிய விசேஷம் வேறு: சின்ன வயதில் ஆண், வளர்ந்த பிறகு பெண். ஆமாம், ஒரே மீன்தான். அதனால் சின்னக் கண் வலையைப் போட்டுக் குட்டிக் காலாவாக அள்ளினால், பெண்ணாக மாற வேண்டியவற்றையெல்லாம் முன்னாலேயே அள்ளிவிடுகிறோம் என்று அர்த்தம். பெரிதாகப் பார்த்துப் பிடித்தால் பெண்களாகவே போகும். இப்படியும் இடி, அப்படியும் இடி. மும்பைப் பக்கம் இதையே 'ராவஸ்' என்று கொண்டாடுகிறார்கள்.

எருமை நாக்குக்கும் ஒரு விசேஷம் உண்டு. தட்டை மீன்கள் எல்லாமே குஞ்சாக இருக்கும்போது சாதாரண மீன் மாதிரி இரண்டு பக்கமும் கண்ணோடுதான் இருக்கும். வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கம் போய்விடும்; மீன் ஒருக்களித்துத் தரையில் படுத்துவிடும். எருமை நாக்கில் அந்தக் கண் பாதி வழியில், தலையின் உச்சி விளிம்பில் நின்றுவிடுகிறது. தட்டை மீன் வம்சத்தில் மிகப் பழைய கிளை இது என்று உயிரியலாளர்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கனடா ஹாலிபட் இரண்டரை மீட்டர், இருநூறு கிலோ என்று வளரும் ராட்சசன். நம் எருமை நாக்கு அறுபது சென்டிமீட்டரைத் தாண்டினாலே பெரிய விஷயம். ஹாலிபட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கே 'புனிதத் தட்டை மீன்' என்றுதான் பொருள். கிறிஸ்தவ விரத நாட்களில் இறைச்சிக்குப் பதில் சாப்பிட்டதால் வந்த பெயர். சாமிக்கும் மீனுக்கும் நம் பக்கமும் சம்பந்தம் உண்டு. இதே திருப்பதி மாவட்டத்தில் நாகலாபுரத்தில் வேதநாராயண சுவாமி கோயில் இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாவின் பெயரில் அமைத்த ஊர். மூலவர் மச்சாவதாரம், இடுப்புக்குக் கீழே மீன். அங்கே புனித மீனைக் கும்பிடுவோம், இவர்கள் புனித மீனைச் சாப்பிடுவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம் :-)

அப்படியென்றால் சால்மன் செய்கிற வேலையை, அதாவது கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறுகிற வேலையை, நம்மூரில் செய்வது யார்? உல்லம். வங்காளிகள் உயிரை விடுகிற ஹில்சா. கோதாவரிக் கரையில் இது கடலில் இருக்கும்வரை 'விலச', வெள்ளத்தில் ஆற்றுக்கு ஏறிவிட்டால் 'புலச'. தாலியை விற்றாவது புலச தின்ன வேண்டும் என்று அந்தப் பக்கம் ஒரு சொலவடை உண்டு. ஆங்கிலேயர்கள் சரியாகப் பெயர் வைத்திருந்தால் 'இந்தியன் சால்மன்' பட்டம் உல்லத்துக்குத்தான் போயிருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. காவிரியிலும் கொள்ளிடத்திலும் உல்லம் ஏறியது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை வந்தது. 1852-ல் கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டு. இரண்டும் ஆர்தர் காட்டன் கைவண்ணம். டெல்டாக்கள் செழித்ததை யாரும் மறுக்க முடியாது. எத்தனை லட்சம் பேர் அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். மீனுக்கு மட்டும் வழி அடைபட்டது. நமது இரண்டாவது டே, அணைகளால் ஏறுமீன்களுக்கு வரும் கேட்டை 1873-லேயே அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அவரும் மற்றவர்களும் கத்தியதில் 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுத்தது. அணை அணையாகவே இருந்தது. 1934-ல் மேட்டூரும் வந்த பிறகு காவிரியில் உல்லம் பேருக்குத்தான்.

இங்கேயும் இதே கதை உண்டு. ஃப்ரேசர் ஆற்றில் 'நரக வாசல்' என்று ஒரு குறுகலான இடம். ரயில் பாதை போடுகிறோம் என்று 1913-14-ல் மலையை உடைத்துப் பாறைகளை ஆற்றில் தள்ளினார்கள். சாக்கை சால்மன் ஏற முடியாமல் கீழேயே லட்சக்கணக்கில் செத்தது. நிலாகபாமுக் பழங்குடியினர் கூடையில் மீனை அள்ளி அடைப்புக்கு மேலே கொண்டுபோய் விட்டார்கள். மீன் ஏற ஒழுங்கான படி கட்டி முடிக்க 1940-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. தாமதம்தான். ஆனாலும் கட்டினார்கள்.

ஹாலிபட் கதை இன்னும் சுவாரசியம். ஹைடா, டிலிங்கிட் மக்கள் மரத்தில் வளைத்துச் செய்த பெரிய தூண்டிலை வைத்துத் தலைமுறை தலைமுறையாக ஹாலிபட் பிடித்தார்கள். அந்த மரத்தூண்டிலின் அளவே ஒரு சட்டம் மாதிரி. ரொம்பச் சின்னது வாயில் நுழையாது, ரொம்பப் பெரியது மாட்டாது. ரயில் வந்து கிழக்குக் கரைச் சந்தை திறந்ததும், 1888-க்குப் பிறகு, பனிக்கட்டியில் வைத்து பாஸ்டன்வரை அனுப்ப ஆரம்பித்தார்கள். முப்பது வருடத்தில் கிட்டத்து மீன்பாடுகள் காலி. 1923-ல் கனடாவும் அமெரிக்காவும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, குளிர்காலத்தில் மூன்று மாதம் ஹாலிபட் பிடிக்கத் தடை என்றார்கள். இதில் பலர் கவனிக்காத விஷயம்: பிரிட்டன் கூடவே கையெழுத்துப் போடாமல் கனடா தனியாகக் கையெழுத்திட்ட முதல் ஒப்பந்தம் இதுதான். ஒரு நாடு தன் காலில் நின்றதற்கு முதல் சாட்சி ஒரு தட்டை மீன். குடியுரிமைப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டாலும் கேட்பார்கள்.

ஒப்பந்தமும் கமிஷனும் வந்தால்தான் கட்டுப்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறைகளாக இருக்கிறது. ஏரி கடலோடு சேரும் பக்கத்தில் இறாலுக்குச் சுத்துவலை கட்டுவதற்கு நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இடத்தில் போய் விழுந்தால் அடிதடி. அதனால் இடங்களைப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் இவருக்கு, அடுத்த முறை அவருக்கு என்று சுழற்றுகிறார்கள். கணக்கு 'தலைக்கட்டு' கணக்கு, கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. ஈழத்து நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும், நீர்கொழும்புக் களப்பிலும் இதே மாதிரி சீட்டு உண்டு. அதிர்ஷ்டம் கெட்டவனுக்கும் ஒருநாள் நல்ல இடம் கிடைத்தே தீரும் என்பதுதான் இதன் அழகு. அழகு என்று சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தச் சீட்டில் பட்டினவர் சமூகத்தின் ஆண்களுக்குத்தான் இடம். கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் யானாதி மக்களுக்கும், மற்ற சாதியினருக்கும், பெண்களுக்கும் பாடு கிடையாது. ஏரியில் மீனவர் எண்ணிக்கை கூடக்கூட இதனால் வந்த மோதல்கள் நிறைய.

மோதலுக்கு இன்னொரு காரணம், ஏரிக்குள் ஓடும் மாநிலக் கோடு. மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது பட்டாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி. திருப்பதிக்காகவும் போராடினார், கிடைத்தது திருத்தணி. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பேசும்போது மலையைப் பற்றித்தான் பேசுவார்கள், நிலத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. நிலத்தில் கல் நட்டு இது உன்னுது இது என்னுது என்று சொல்லிவிடலாம். ஏரியில் மடவைக்கும் கொடுவாவுக்கும் எல்லைக்கல் தெரியுமா? மீன் போன பக்கம் படகு போகும், படகு போன பக்கம் சண்டை வரும். இரு மாநில மீனவர்களும் ஒருவர் படகை ஒருவர் பிடித்துவைத்ததும், அதிகாரிகள் சமாதானம் பேசியதும் பலமுறை நடந்திருக்கிறது.

ஸ்ரீஹரிகோட்டா தனிக்கதை. ஒரு காலத்தில் அந்தத் தீவின் காட்டிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக மெட்ராஸ் அடுப்புகளுக்கு விறகு போனது. 1969-ல் ராக்கெட் தளத்துக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 9-ல் முதல் சிறு ராக்கெட் கிளம்பியது. தீவில் இருந்த யானாதிக் குடும்பங்களும் மற்றவர்களும் இடம்பெயர வேண்டியதாயிற்று. சூளூர்ப்பேட்டையிலிருந்து போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ராக்கெட் கிளம்பும் நாட்களில் அந்தக் கடலில் படகு இறங்கக்கூடாது. ஒவ்வொரு முறை ராக்கெட் போகும்போதும் நான் இங்கே நடுராத்திரி விழித்து உட்கார்ந்து கைதட்டுகிற ஆள்தான்; அன்றைக்குக் கரையில் சும்மா உட்கார்ந்திருப்பவரின் நினைப்பும் கூடவே வருகிறது. வருடத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு. அது மீன் பெருகுவதற்கு. 1923-ல் ஹாலிபட்டுக்குக் கொடுத்த மூன்று மாத ஓய்வுக்கு நம் பங்காளி.

நெல்லூர்க் கரையெல்லாம் 'பட்டபு' என்று ஒரு மீனவ சமூகம் இருக்கிறது. நம் பட்டினவரின் உறவு. எப்போதோ தெற்கேயிருந்து கட்டுமரத்தோடு வடக்கே போனவர்கள். பள்ளிக்கூடம் தெலுங்கு, அரசாங்கக் காகிதம் தெலுங்கு, வீட்டில் மட்டும் தமிழ் கலந்த ஒரு பேச்சு. கேட்டால் நம் பிள்ளைகளின் தமிழ் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். ஒரே வித்தியாசம், அவர்கள் பல தலைமுறையாகத் தாங்கிவிட்டார்கள். கடலில் தினமும் தேவைப்படுகிற பேச்சு என்பதாலோ என்னவோ.

கடைசியாகக் கடைக்குப் போகிறவர்களுக்கு. இங்கே நம்மூர் மளிகைக் கடைகளில் உறைந்த பெட்டியில் 'ராவஸ்' என்றோ 'இந்தியன் சால்மன்' என்றோ ஒட்டியிருந்தால் தயங்காமல் எடுங்கள், அது காலா. தலையோடு இருந்தால் மார்புத் துடுப்புக்குக் கீழே அந்த நாலு இழையைத் தேடிப்பாருங்கள். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். சாக்கை சால்மனை நம் புளிக்குழம்பில் போடாதீர்கள், அதன் எண்ணெய் குழம்பையே விழுங்கிவிடும். மிளகு தடவி வறுத்தால் நன்றாக இருக்கும். ஹாலிபட் குழம்புக்கு ஒத்துவரும். ஆனால் முள் மீன் மாதிரி நேரம் கொடுத்தால் உதிர்ந்துவிடும். புளி நன்றாகக் கொதித்து எண்ணெய் மேலே வந்த பிறகு துண்டுகளைப் போட்டு, ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் குழம்புக்கு இப்போது என் மகள் வைத்திருக்கும் பெயர் 'பெரிய எருமை நாக்குக் குழம்பு'. விருந்தாளிகள் வரும்போது மட்டும் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று மனைவி உத்தரவு.